இலக்கிய ஆய்வாளரின் சைட்டேஷனைக் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் இலக்கிய ஆய்வாளர்களுக்கும், அவர்களுடைய கோப்புகளைத் தயாரித்துத் தரும் நூலகர்களுக்கும், துறைத்தலைவர்களுக்குமான பக்கம் இது. பதவி உயர்வு, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீடு, ஆய்வுத்திட்ட விண்ணப்பம் என்று ஏதோ ஒரு நாள் "உங்க எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்ற கேள்வி வந்து நிற்கும். ஒருவரின் படைப்புகளைப் பிற ஆய்வாளர்கள் எவ்வளவு சுட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் எண் அது. கணினி காட்டும் பதில், தமிழில் எழுதுகிறவர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் உண்மையைவிடச் சிறியது. ஏன் அப்படி, எதைச் சரிசெய்யலாம், எங்கே கையால் எண்ணித்தான் ஆகவேண்டும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

சைட்டேஷன் என்றால் மேற்கோள்தானே? ஏன் ஆங்கிலச் சொல்?

தமிழில் ஒருவருடைய வரியை அப்படியே எடுத்தாள்வதும் மேற்கோள், பழம்பாடலைச் சான்று காட்டுவதும் மேற்கோள். தரவுத்தளங்கள் எண்ணுவது வேறொன்றை. ஓர் ஆய்வு நூலோ கட்டுரையோ இன்னோர் ஆய்வின் அடிக்குறிப்பில் அல்லது துணைநூற்பட்டியலில் இடம்பெற்றால் அது ஒரு சைட்டேஷன். குழப்பம் வேண்டாம் என்றுதான் துறையில் புழங்கும் சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

ஒரே கட்டுரை உங்கள் நூலைப் பன்னிரண்டு அடிக்குறிப்பில் சுட்டினாலும் கணக்கில் அது 1. "மேலது, ப. 45" என்று தொடர்ந்து வருவதெல்லாம் கூடுதல் எண் ஆகாது. உங்கள் கருத்தோடு முப்பது பக்கம் வாதாடியவரும், பட்டியலில் பெயரை மட்டும் சேர்த்தவரும் அந்தக் கணக்கில் சமம்.

கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றும் மூன்று எண் காட்டுகின்றன. எது சரி?

மூன்றும் ஆய்வு வெளியீடுகளையும் அவற்றின் சைட்டேஷனையும் திரட்டும் தரவுத்தளங்கள், ஆனால் வெவ்வேறு குவியலை எண்ணுகின்றன. அதனால் எந்த எண்ணையும் அது எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று சொல்லாமல் எழுதக்கூடாது.

வெப் ஆஃப் சயின்ஸ் இப்போது கிளாரிவேட் நிறுவனத்தினுடையது. அதில் நமக்கு உரிய பகுதி, யூஜின் கார்ஃபீல்டின் நிறுவனம் 1978இல் தொடங்கிய கலை, மானுடவியல் (ஹியூமானிட்டீஸ்) சைட்டேஷன் பட்டியல். அதன் தரவு 1975இலிருந்து கிடைக்கிறது. ஸ்கோபஸ், எல்சவியர் 2004இல் தொடங்கியது. ஓர் ஆய்விதழ் ஸ்கோபஸில் சேர வேண்டுமானால் கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், துணைநூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையே முழுக்கத் தமிழில் வரும் பெரும்பாலான ஆய்விதழ்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எனவே ஸ்கோபஸில் ஒரு தமிழ்ப் பேராசிரியருக்கு 3 என்று வந்தால், "ஸ்கோபஸ் சேர்த்துக்கொண்ட குறிப்பிட்ட சில வெளியீடுகளில் 3 பேர் சுட்டியிருக்கிறார்கள்" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

கூகுள் ஸ்காலரும் 2004இல் வந்ததுதான். அது இதழைத் தேர்ந்தெடுப்பதில்லை. இணையத்தில் ஆய்வுக்கட்டுரை போலத் தெரிவதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. நூல்கள், ஆய்வேடுகள், கருத்தரங்கத் தொகுப்புகள், தமிழ் எழுத்தில் உள்ள கட்டுரைகள் எல்லாம் ஓரளவு அகப்படுவது இங்கேதான். கூடவே குப்பையும் வரும். இலக்கிய ஆய்வாளருக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கூகுள் ஸ்காலரைத் தேர்ந்தெடுத்து, கையால் துப்புரவு செய்யுங்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் எண்களை நிறுவனம் கேட்டால் பக்கத்தில் தனியாகக் கொடுங்கள். மூன்றையும் ஒருபோதும் கூட்டாதீர்கள், ஒரே சைட்டேஷன் மூன்று முறை எண்ணப்பட்டுவிடும்.

எச்-இண்டெக்ஸ் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அது இலக்கிய ஆய்வுக்குப் பொருந்துமா?

ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு இது. படைப்புகளை அவற்றின் சைட்டேஷன் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணைவிடச் சைட்டேஷன் குறையாமல் எதுவரை போகிறதோ அதுதான் எச்-இண்டெக்ஸ்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஆய்வாளரின் 10 படைப்புகளுக்கு 64, 22, 9, 6, 5, 3, 3, 1, 1, 0 என்று சைட்டேஷன் இருப்பதாகக் கொள்வோம். ஐந்தாவது படைப்புக்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 3தான். ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. கூகுள் காட்டும் ஐ-10 என்பது 10 அல்லது அதற்கு மேல் சைட்டேஷன் பெற்ற படைப்புகளின் எண்ணிக்கை, இங்கே 2. மொத்தம் 114.

இப்போது அந்த முதல் நூலின் 64 ஒரு நாள் 500 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்-இண்டெக்ஸ் அசையாது, அதே 5. ஆண்டுக்கு நான்கைந்து சிறு கட்டுரை எழுதும் துறைக்காகச் செய்த அளவுகோல் இது. பத்தாண்டு உழைத்து ஒரு பெருநூல் எழுதுகிறவரை அது தண்டிக்கிறது. பெருநூலின் கனத்தையும் கணக்கில் கொள்ள விரும்பினால் லியோ எகே 2006இல் சொன்ன ஜி-இண்டெக்ஸைப் பாருங்கள். முதல் ஜி படைப்புகளின் மொத்தச் சைட்டேஷன், ஜியின் வர்க்கத்தைவிடக் குறையக்கூடாது. மேலே உள்ளவருக்கு முதல் 10 படைப்புகளின் மொத்தம் 114. அது 100ஐத் தாண்டுவதால் ஜி-இண்டெக்ஸ் 10. 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருள் கூகுள் ஸ்காலர் தரவை எடுத்து இவற்றையெல்லாம் தானே கணக்கிட்டுத் தரும். ஆனாலும் எங்கள் பரிந்துரை, நூல்களுக்குத் தனி வரி, கட்டுரைகளுக்குத் தனி வரி என்று எண்களை நேராகக் காட்டுவதுதான்.

இம்பாக்ட் ஃபேக்டரை என் கட்டுரையின் மதிப்பாகக் காட்டலாமா?

கூடாது. அது இதழின் சராசரி. முந்தைய 2 ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவை, இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை சுட்டப்பட்டன என்பதுதான் அதன் கணக்கு. இலக்கிய ஆய்வில் 2 ஆண்டு என்பது கட்டுரை வாசகர் கைக்குப் போய்ச் சேரும் காலம். அடுத்தவர் அதைப் படித்து, எழுதி, அச்சாகி வர ஐந்தாறு ஆண்டு ஆகும். கலை, மானுடவியல் பட்டியலில் உள்ள இதழ்களுக்கு 2023 ஜூன் வரை இம்பாக்ட் ஃபேக்டரே தரப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. கிளாரிவேட் வெளியிடும் பட்டியலில் இல்லாத இதழ் அட்டையில் "இம்பாக்ட் ஃபேக்டர் 6.2" என்று போட்டிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்தில் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கூகுள் ஸ்காலரில் கணக்குத் தொடங்கும்போது என்ன தவறு நேர்கிறது?

பல்கலைக்கழக அல்லது கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்; இல்லையென்றால் உங்கள் பக்கம் தேடலில் வராது. பெயரைத் தட்டியதும் கூகுள் கட்டுரைகளைக் கூட்டங்கூட்டமாக நீட்டும். "ஆர். முருகன்" என்று நூற்றுக்கணக்கானோர் இருக்கும் நாட்டில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் மண்ணியல், மருந்தியல் கட்டுரையெல்லாம் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடும். கூட்டமாக ஏற்காமல் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். அமைப்புகளில் (செட்டிங்ஸ்) போய், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல் மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டவர்களின் பக்கம் இரண்டே ஆண்டில் குழம்பிக் கிடக்கும்.

ஒரே நூல் பல உருவில் நிற்பதும் வழக்கம். முதல் பதிப்பு ஒரு பதிப்பகம், மறுபதிப்பு வேறொரு பதிப்பகம், ஒருவர் தலைப்பைத் தமிழில் எழுதியிருப்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். நான்கு பதிவுக்கும் 7, 4, 3, 2 என்று சிதறிக் கிடக்கும் எண், டிக் செய்து ஒன்றாக இணைத்தால் 16 ஆகும். ஆனால் ஒரே தலைப்பில் வந்த கட்டுரையையும் நூலையும் இணைக்காதீர்கள்.

பட்டியலிலேயே இல்லாத நூலைக் கையால் சேர்க்க வழி உண்டு. சேர்த்துவிட்டால் சைட்டேஷனும் வந்துவிடும் என்று நம்பவேண்டாம். கூகுளின் குவியலில் அந்த நூலைச் சுட்டும் ஆவணம் இருந்து, தலைப்பு பொருந்தினால்தான் எண் ஏறும்.

என் பெயரால் என்ன சிக்கல்?

தமிழ் ஆய்வாளரின் சைட்டேஷன் கைநழுவிப் போகும் பெரிய ஓட்டை இதுதான். தரவுத்தளங்கள் ஒவ்வொரு பெயரிலும் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. நமக்கு இருப்பது முன்னெழுத்து. அதைப் பின்னால் போட்டால் ஒருவர், முன்னால் போட்டால் இன்னொருவர், விரித்து எழுதினால் மூன்றாமவர். திருமணத்துக்குப் பின் தந்தையின் முன்னெழுத்தை விட்டுக் கணவரின் முன்னெழுத்தைப் போட்டுக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் முதல் பத்தாண்டு உழைப்பு வேறு யாரோ ஒருவருடைய கணக்கில் போய்விடுகிறது. எழுத ஆரம்பித்த நாளில் வைத்துக்கொண்ட பெயரையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியாயிற்று என்றால் ஆர்க்கிட் எண் (பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண்) ஒன்று வாங்கி, அதில் பிற பெயர்கள் என்ற இடத்தில் எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். 16 இலக்கம், இலவசம், கால் மணி நேர வேலை. ஸ்கோபஸில் இரண்டாகப் பிரிந்து கிடந்தால் இணைக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

எழுத்துப்பெயர்ப்பு இன்னொரு தலைவலி. இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தம்முடைய ஆங்கில நூல்களில் 'எஸ்' (S) எழுத்தில் தொடங்கும் பெயரையே போட்டார். அமெரிக்க நூலகப் பட்டியல்களில் அவருடைய தமிழ் நூல்கள் ஆங்கில 'சி' (C) எழுத்தில் தொடங்கும் வடிவத்தில் இருக்கின்றன, ஏனென்றால் அங்கே கடைப்பிடிக்கும் முறையில் சகரத்துக்கு அந்த எழுத்துதான். இலங்கைத் திறனாய்வாளர் க. கைலாசபதிக்கும் இப்படி இரண்டு வடிவம் உண்டு. ஒன்றை மட்டும் தேடினால் மற்றதைச் சுட்டியவர்கள் விடுபட்டுப் போவார்கள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபிலைத் தமிழில் தேடினாலோ ஸ்வெலபில், சுவலபில், ஸ்வெலெபில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் தேடும்போது கவனிக்க வேண்டியது?

வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஒரு பெயர் எங்கே வந்தாலும் அதே வடிவம்தான். தமிழில் "மீனாட்சிசுந்தரம்" என்று தேடினால் "மீனாட்சிசுந்தரத்தின்" வராது, "மீனாட்சிசுந்தரனார்" வராது. கூகுள் ஸ்காலரில் சொல்லின் பாதியைத் தட்டி மீதியை விடும் வசதியும் கிடையாது. தெ. பொ. மீனாட்சிசுந்தரத்தைத் தேட ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய வடிவங்கள் இவை: தெ.பொ.மீ., தெ. பொ. மீ., மீனாட்சிசுந்தரம், மீனாட்சிசுந்தரத்தின், மீனாட்சிசுந்தரனார், மீனாட்சிசுந்தரனாரின், மீனாட்சி சுந்தரம் என்று பிரித்து எழுதியது, ஆங்கில எழுத்தில் 'ன்' என்று முடியும் வடிவம், 'ம்' என்று முடியும் வடிவம். வையாபுரிப்பிள்ளைக்கும் ஒட்டியது, பிரித்தது இரண்டும் வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. "பௌத்தம்" என்பதைப் பலர் பகரத்தோடு ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டி "பெளத்தம்" என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். நூல் தலைப்பில் ஔகார எழுத்து இருந்தால் இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

கட்டுரை இணையத்தில் இருக்கிறது. ஆனாலும் கூகுள் ஸ்காலர் கண்டுகொள்ளவில்லையே?

பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைப் படியெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஒன்றுமே வராவிட்டால் அது வெறும் ஒளிப்படம். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. பாமினியில் தட்டிய "அம்மா" என்ற சொல், கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது. நமக்கு அழகான தமிழ். தேடுபொறிக்குப் பொருளற்ற குப்பை. அந்தக் கட்டுரையின் துணைநூற்பட்டியலில் யார் யார் நூல் இருந்தாலும் அத்தனை சைட்டேஷனும் அதோடு புதைந்துபோயிற்று.

கையில் மூலக்கோப்பு இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடாக்கி, புதிதாகப் பிடிஎஃப் எடுத்து ஏற்றுங்கள். மாற்றியபின் கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஔகாரம் வரும் இடங்களைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டுவார்கள், யூனிகோடில் அது பின்னால் வரவேண்டும். மாற்றி தடுமாறுவது அங்கேதான். மூலக்கோப்பு இல்லையென்றால் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் முறை) செய்து துணைநூற்பட்டியலையாவது திருத்திவிடுங்கள்.

கூகுள் ஸ்காலர் கேட்கும் மற்ற நிபந்தனைகள் எளியவை. ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு, அளவு 5 எம்பிக்குள், முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்தில், அதன் கீழே ஆசிரியர் பெயர், கடைசியில் துணைநூற்பட்டியல் தனித் தலைப்போடு. கருத்தரங்கத்தில் படித்த நூறு கட்டுரையையும் ஒரே கோப்பாக்கி ஏற்றினால் அவ்வளவும் ஒரே "நூல்" என்று போய்விடும், எழுதிய ஒருவருக்கும் எதுவும் சேராது.

என் நூலை வெப் ஆஃப் சயின்ஸில் தேடினால் இல்லை என்கிறது. அப்படியானால் சைட்டேஷனும் இல்லையா?

இருக்கலாம். சாதாரணத் தேடல், அந்தத் தளம் பட்டியலிட்ட ஆவணங்களை மட்டும் காட்டும். அதே தளத்தில் 'சைட்டட் ரெஃபரன்ஸ்' என்று தனித் தேடல் உண்டு. அது, பட்டியலிட்ட கட்டுரைகளின் அடிக்குறிப்பில் யார் பெயர் இருந்தாலும் காட்டும், அந்த நூல் தளத்தில் இல்லாவிட்டாலும். ஸ்கோபஸில் இதற்கு இணையானது, 'செகண்டரி டாக்குமென்ட்ஸ்' என்ற பகுதி.

க. கைலாசபதியின் பழந்தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது. அப்படிப்பட்ட ஒரு நூலைத் தேடும் முறை: ஆசிரியர் பெட்டியில் பெயரின் முதல் ஐந்தாறு எழுத்தைத் தட்டி நட்சத்திரக் குறி போடுங்கள். பெயரின் கடைசி எழுத்தைத் தப்பாக எழுதியவர்களும் அகப்படுவார்கள். ஆண்டுப் பெட்டியை முதலில் காலியாக விடுங்கள், மறுபதிப்பின் ஆண்டைப் போட்டவர்கள் உண்டு. வரும் வரிகளில் தலைப்பு பாதியாகச் சுருங்கியும் பக்க எண்ணோடும் சிதறியும் இருக்கும். உரியவற்றை டிக் செய்து முடித்தால் உண்மையான எண் வரும். பல ஆசிரியர் நூலென்றால் முதல் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். இந்த ஒரு தேடலைச் செய்யாமல் "பூஜ்யம்" என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் ஏராளம்.

கையால் எண்ணுவது என்றால் எங்கே தொடங்குவது?

முதலில் படைப்புப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பதிப்பும் ஆண்டும். அடுத்து பெயர் வடிவங்கள். பிறகு தேடும் இடங்கள்.

சோத்கங்காவிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஃபிலிப்நெட் நடத்தும் இந்த ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஓர் ஆய்வேடு இயல் இயலாகப் பிரிந்து தனித்தனிக் கோப்பாக இருக்கும். நானூறு பக்கத்தையும் இறக்க வேண்டாம். கடைசியில் உள்ள துணைநூற்பட்டியல் கோப்பை மட்டும் திறங்கள். அகரவரிசையில் உங்கள் எழுத்துக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் ஆய்வுப்பொருளில் வந்த ஆய்வேடுகளைத் தலைப்பை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாலையில் நாற்பது, ஐம்பது கோப்பைப் பார்த்துவிடலாம். பெரும்பாலானவை ஒளிப்படமாக இருப்பதால் வேறு குறுக்குவழி இல்லை.

இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் ஆய்வுக்கோவைத் தொகுதிகள், கருத்தரங்க மலர்கள், சிற்றிதழ்கள் எல்லாம் அச்சிலேயே இருக்கின்றன. உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஐந்தாறு தொகுதியைத் தேர்ந்து நூலகத்தில் உட்கார்ந்து புரட்ட வேண்டும். இலங்கை வெளியீடுகளுக்கு 2005இலிருந்து இயங்கும் நூலகம் தளம் பெருந்துணை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நிறைய உண்டு. கூகுள் புக்ஸில் பெயரையும் தலைப்பின் இரண்டு சொல்லையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், நூல் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் பெயர் வரும் வரியும் பக்கமும் தெரியும்.

கிடைத்த ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எக்செல்லில் ஏற்றுங்கள்: சுட்டியவர், படைப்பு, ஆண்டு, பக்கம், சுட்டப்பட்ட உங்கள் படைப்பு, பார்த்த இடம், பார்த்த தேதி. கடைசி நெடுவரிசை மிக முக்கியம்: எப்படிச் சுட்டியிருக்கிறார்? கருத்தை ஏற்று வளர்க்கிறாரா, மறுக்கிறாரா, தகவலுக்காகவா, பட்டியலில் மட்டுமா? படம் எடுத்து வையுங்கள். ஆண்டு முடிவில் கேட்கும்போது தளம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நான் பதிப்பாசிரியர். நூற்றுக்கணக்கானோர் என் பதிப்பைப் பயன்படுத்துகிறார்கள், எண்ணோ பூஜ்யம். என்ன செய்வது?

"புறம். 182" என்று அடிக்குறிப்பு போடுகிறோம். அந்தப் பாடல் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தது 1894இல், உ. வே. சாமிநாதையர் கைவழியாக. அடிக்குறிப்பில் அவர் பெயர் இல்லை. மூலபாடத்தைச் செப்பம் செய்தவர், பாடவேறுபாடு தொகுத்தவர், அருஞ்சொல் அகராதி சேர்த்தவர் எல்லாரும் இப்படித்தான் மறைந்துபோகிறார்கள். 1940இல் வையாபுரிப்பிள்ளை பார்வையில் வந்த சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் சங்க இலக்கியப் பதிப்பை விரித்து வைத்துக்கொண்டு எழுதிவிட்டு, பாட்டெண்ணை மட்டும் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். தமிழிலக்கிய ஆய்வின் அடித்தளமே இந்த உழைப்புதான். அதற்குப் பூஜ்யம் போடும் அளவுகோலை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

செய்யக்கூடியவை சில உண்டு. துணைநூற்பட்டியலில் பதிப்பாசிரியர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள், அடிக்குறிப்பில் இல்லாதது அங்கே இருக்கும். எந்தெந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உங்கள் பதிப்பு பாடநூலாகவோ பார்வை நூலாகவோ இருக்கிறது என்று திரட்டுங்கள். பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் எத்தனை நூலகங்களில் இருக்கிறது என்று பாருங்கள். நூல் சார்ந்த துறைகளுக்கு நூலக இருப்பைச் சைட்டேஷனுக்குத் துணையான சான்றாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. பிற்காலப் பதிப்புகளின் முன்னுரையில் உங்கள் பாடத்தைப் பின்பற்றியதாகச் சொன்ன இடங்களைப் பக்க எண்ணோடு குறியுங்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கும் படைப்பாளிக்கும் நேர்மாறான சிக்கல். ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தார். நூலின் இறுதியில் அவருடைய விளக்கக் கட்டுரையும் உண்டு. ஒருவர் அந்த நூலைச் சுட்டினால் பாட்டுக்காகவா, கட்டுரைக்காகவா என்று எண் சொல்லாது. 1980 முதல் 1992 வரை கலை, மானுடவியல் பட்டியலில் அதிகம் சுட்டப்பட்ட பத்தில் மார்க்ஸ், லெனினோடு ஷேக்ஸ்பியரும் பைபிளும் இருந்தன. ஆய்வுப்பொருளாக இருப்பதும் ஆய்வாளராகச் செல்வாக்குப் பெறுவதும் வேறு. கவிதையும் எழுதும் பேராசிரியர், தம் கவிதைகளைப் பற்றி வந்த கட்டுரைகளை ஆய்வுச் சைட்டேஷனில் சேர்க்காமல் தனித்தலைப்பில் காட்டுவது நல்லது.

என்னை மறுத்து எழுதியதையும், நானே என்னைச் சுட்டியதையும் சேர்க்கலாமா?

மறுப்பைக் கட்டாயம் சேருங்கள். ஒருவர் உட்கார்ந்து மறுக்கும் அளவுக்கு ஒரு கருத்து இருந்திருக்கிறது. தன்சுட்டலைத் தனியே பிரித்துக் காட்டுங்கள். முந்தைய நூலின் தொடர்ச்சியாக எழுதும்போது அது இயல்பு, மறைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். உங்களிடம் ஆய்வு செய்த மாணவர்களின் ஆய்வேடுகளையும் ஒரு குறியீடு போட்டு வையுங்கள்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்கில் சைட்டேஷனுக்கு எத்தனை மதிப்பெண்?

2018 விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் சைட்டேஷனுக்கென்று மதிப்பெண் இல்லை. மொழித்துறைகளில் அங்கீகரித்த இதழ்க் கட்டுரைக்கு 10, சர்வதேசப் பதிப்பக நூலுக்கு 12, தேசிய அளவிலானதற்கு 10, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5, மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70%. இதழின் இம்பாக்ட் ஃபேக்டருக்குக் கூடுதல் உண்டு, நமக்கு அது அரிது. அங்கீகரித்த இதழ்களுக்கான கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எனவே உங்கள் பல்கலைக்கழகம் இப்போது எந்தப் பட்டியலை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சைட்டேஷன் எண் கேட்பது பெரும்பாலும் நாக், என்ஐஆர்எஃப் (நிறுவனத் தரவரிசை) கோப்புக்காக. அவை நிறுவனத்தின் மொத்தக் கணக்கு. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவைப் பார்ப்பவை. அந்தப் படிவத்துக்காகக் கேட்ட எண்ணை வைத்துத் தனி ஆசிரியரை எடைபோடத் தொடங்கினால் எதிர்த்துக் கேளுங்கள். சான்று காட்ட வேண்டுமா? பிரிட்டனின் 2014, 2021 ஆய்வு மதிப்பீடுகளில் கலை, மானுடவியல் குழு சைட்டேஷன் தரவைப் பயன்படுத்தவே இல்லை, நூல்களைப் படித்தே மதிப்பிட்டது. 2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கை, உள்ளூருக்குப் பொருத்தமான சிறந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்பதைத் தன் பத்து நெறிகளில் ஒன்றாகவே சொல்கிறது.

வேதியியல் துறைப் பேராசிரியருக்கு எச்-இண்டெக்ஸ் 30, எனக்கு 5. எப்படி விளக்குவது?

ஒப்பிடவே கூடாது என்று சொல்லுங்கள். வேதியியலில் ஒரு கட்டுரைக்கு எட்டுப் பேர் ஆசிரியர், ஐம்பது சுட்டல், எல்லாம் அண்மைக் கட்டுரைகள். நம் துறையில் ஒருவர் தனியே எழுதுகிறார், சுட்டுவது பெரும்பாலும் நூல்களை, அவற்றில் பாதி முப்பது, நாற்பது ஆண்டுக்கு முந்தையவை. ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் உங்கள் பொருளில், உங்கள் மொழியில், உங்களோடு ஏறத்தாழ அதே ஆண்டில் பிஎச்.டி. முடித்த ஐந்தாறு பேரோடு ஒப்பிடுங்கள், ஒரே தளத்தில், ஒரே நாளில்.

விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

ஒரு பத்தி போதும். மாதிரி இது, எண்கள் கற்பனை: "கூகுள் ஸ்காலரில் 114 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 5, தன்சுட்டல் 9. வெப் ஆஃப் சயின்ஸ் அடிக்குறிப்புத் தேடலில் 11. இத்தளங்களில் இல்லாத தமிழ் ஆய்வேடுகள், தொகுப்புகளில் கையால் கண்டவை 43, பட்டியல் இணைப்பில். இவற்றில் 14 இடங்களில் திணைக் கோட்பாடு பற்றிய என் வாதம் விரிவாக ஏற்கப்பட்டோ மறுக்கப்பட்டோ உள்ளது. முக்கியமான 3 இடங்களின் பக்கப்படி இணைப்பில்." தேதியைப் போடுங்கள். படிக்கும் குழுவினர் 43 வரியையும் பார்க்க மாட்டார்கள், அந்த 3 பக்கத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவிடுங்கள்.

ஆய்விதழ் நடத்துகிறோம். எங்கள் பங்குக்கு?

யூனிகோடு, கட்டுரைக்கொரு கோப்பு, ஆசிரியரின் ஆர்க்கிட் எண். துணைநூற்பட்டியலைத் தமிழில் ஒரு முறையும் ரோமன் எழுத்தில் ஒரு முறையும் கொடுங்கள். பதிப்பாசிரியர் பெயர் இல்லாத சங்க நூல் பதிவைத் திருப்பி அனுப்புங்கள்.

கூகுள் ஸ்காலரில் என் சைட்டேஷன் போன மாதம் 118 இருந்தது, இப்போது 111. ஏன் குறைந்தது?

உங்களைச் சுட்டிய கட்டுரைகள் இருந்த தளம் மூடப்பட்டிருக்கும், அல்லது இரண்டாக எண்ணிய ஒன்றைக் கூகுள் சேர்த்திருக்கும். கல்லூரித் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் உடைவதும் உண்டு. காணாமல் போனவை எவை என்று உங்கள் எக்செல் பட்டியலோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டுரையின் படி கையில் இருந்தால் அந்த வரியைக் கையால் கண்டவற்றின் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.